நெல்லும் பள்ளிக்கூடமும்: ஏ.எம்.ஏ. அஸீஸின் கல்முனை நாட்கள்

1942 ஏப்ரலில் கல்முனைக்கு ஓர் இளம் அதிகாரி வந்து சேர்ந்தார். வயது முப்பது. யாழ்ப்பாணத்து முஸ்லிம். இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிமும் அவர்தான். உதவி அரசாங்க அதிபராக அவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலைக்கும் மருத்துவத்துக்கும் வெளிப்பார்வைக்கு எந்தத் தொடர்பும் இல்லை. நாட்டில் அரிசி இல்லை. நெல் விளைவிக்க வேண்டும். காடு வெட்டி, காணி பகிர்ந்து, தரிசாகக் கிடந்த நிலத்தில் உணவு விளைய வைக்க வேண்டும்.

கலாநிதி ஏ.எம்.ஏ. அஸீஸை நாம் கல்வியாளராக நினைவுகூர்கிறோம். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர், செனட்டர், இலங்கையில் இஸ்லாம், தமிழ் யாத்திரை போன்ற நூல்களை எழுதியவர் என்று அவரைப் பற்றிய பட்டியல் நீளும். சுகாதாரம் பற்றிய பேச்சில் அவருடைய பெயர் வருவதில்லை. அவரும் தன்னைச் சுகாதாரப் பணியாளராகக் கருதியவரல்ல. ஆனாலும் கிழக்குக் கரையோரத்து மக்கள் எதனால் நோயுற்றார்கள், எது அவர்களை நோயிலிருந்து காத்தது என்று கேட்டுக்கொண்டு அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், வைத்தியசாலைக்கு வெளியே நடந்த ஒரு சுகாதாரப் பணி கண்ணில் படுகிறது.

வண்ணார்பண்ணையிலிருந்து

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911 ஒக்டோபர் 4 ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தை எஸ்.எம். அபூபக்கர் சட்டத்தரணி, பொதுவாழ்வில் ஈடுபட்டவர். சிறுவன் அஸீஸ் குர்ஆன் மத்ரசாவில் ஓதத் தொடங்கினார். பிறகு இராமகிருஷ்ண மிஷன் நடத்திய வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், அதன் பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை சைவப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பது அன்றைய வண்ணார்பண்ணையில் வியப்புக்குரிய செய்தி அல்ல. அந்தப் பள்ளிக்கூடங்களில் கிடைத்த தமிழ், வாழ்நாள் முழுவதும் அவருடைய எழுத்தில் இருந்தது.

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றார். அரச புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜுக்குச் சென்றவர், சிவில் சேவைக்குத் தெரிவானதால் நாடு திரும்பி 1935 இல் பதவியேற்றார். அவர் பதவியேற்ற அந்த ஆண்டு, இலங்கை பெரும் மலேரியாக் கொள்ளைநோயின் பிடியில் இருந்தது. 1934, 35 இல் பரவிய அந்தக் காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியதால் நுளம்பு பெருகியது என்பது ஒரு காரணம். வறட்சியால் விளைச்சலும் கூலியும் இல்லாமல் போனது இன்னொரு காரணம். நிவாரணத்துக்குப் போன தொண்டர்கள், கொயினா மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை, உணவும் கொடுக்க வேண்டும் என்பதைக் கிராமங்களில் கண்டார்கள். பசித்த உடம்பில் காய்ச்சல் கொல்லும் காய்ச்சலாகிறது. ஏழு ஆண்டுகள் கழித்து அதே பாடம், யுத்தத்தின் வடிவில் மறுபடியும் வந்தது.

அரிசிக்கப்பல் வராத ஆண்டு

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. ஏப்ரல் 5 இல் கொழும்பிலும், 9 இல் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. இலங்கை தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து இறக்கிய நாடு. அதில் பெரும்பங்கு பர்மா அரிசி. அந்தக் கப்பல்கள் நின்றுபோயின. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. அரசாங்கம் உள்நாட்டில் உணவு பெருக்கும் அவசரத்தில் இறங்கியது. அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியான கல்முனையில் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டது அந்த நெருக்கடியில்தான். அஸீஸ் அதற்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டார்.

வங்காள விரிகுடாவின் அந்தக் கரையில் நடந்ததைப் பார்த்தால் அவருடைய வேலையின் கனம் விளங்கும். வங்காளத்துக்கும் பர்மா அரிசி நின்றது. அங்கே 1943 இல் பஞ்சம் வந்தது. 20 இலட்சத்திலிருந்து 30 இலட்சம் பேர் வரை இறந்தார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெருந்தொகையானோர் நேரடியாகப் பட்டினியால் சாகவில்லை; மலேரியா, வாந்திபேதி, அம்மை போன்ற நோய்களால் செத்தார்கள். இறப்புப் பதிவில் நோயின் பெயர் இருந்தது. உண்மையான காரணமோ அரிசி விலை, கூலி, அரசின் அசட்டை. அமர்த்தியா சென் பின்னாளில் அந்தப் பஞ்சத்தை ஆராய்ந்து, உணவு நாட்டில் இருக்கிறதா என்பதைவிட அதை வாங்கும் வலு மக்களிடம் இருக்கிறதா என்பதே முக்கியம் என்று காட்டினார்.

இலங்கையில் அப்படியொரு பஞ்சம் வரவில்லை. கூப்பனில் எல்லோருக்கும் பங்கீட்டு உணவு, வேறிடங்களிலிருந்து இறக்கிய தானியம், உள்நாட்டு விளைச்சல் என்று பல கைகள் சேர்ந்து அதைத் தடுத்தன. கிழக்கின் நெல்வயல்களும் அந்தக் கைகளில் ஒன்று.

கல்முனைப் பகுதி அப்போதும் நெல் நாடுதான். ஆனால் நெல் விளைந்த இடமெல்லாம் பசி இல்லாத இடம் என்று சொல்லிவிட முடியாது. வயல்கள் போடிமார் கையில் இருந்தன. உழுது, விதைத்து, காவல் இருந்து, சூடு அடித்தவர்களுக்குக் கிடைத்தது அறுவடையில் ஒரு பங்கு. அது அடுத்த போகம் வரை போதாவிட்டால் கடன். அஸீஸின் நிர்வாகத்தில் முடிக்குரிய காடுகள் திறக்கப்பட்டு, பயிர் செய்ய முன்வந்தவர்களுக்கு நிலம் பகிரப்பட்டது. காணி இல்லாதவன் கையில் காணி வருவது, உணவு உற்பத்தித் திணைக்களத்தின் கணக்கில் இத்தனை ஏக்கர் என்று பதிவாகும். அந்தக் குடும்பத்தின் கணக்கிலோ அது பிள்ளையின் உடம்பில் ஏறும் சதை, தாயின் இரத்தத்தில் கூடும் செழிப்பு.

இதில் ஆபத்தும் இருந்தது. உலர் வலயத்தில் காடு வெட்டுவதென்றால் மலேரியாவின் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான். டி.டி.ரி. தெளிப்பு நாடெங்கும் பரவியது 1946 இல். அதுவரை வயல்வாடியில் இரவு தங்கியவர்கள் காய்ச்சலையும் சேர்த்தே விதைத்தார்கள். இலங்கையின் இறப்பு வீதம் 1946 இல் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்து 1947 இல் 14 அளவுக்கு விழுந்தபோது, அதற்கு மருந்துதான் காரணமா, பங்கீட்டு உணவும் வைத்தியசாலைகளும் சாலைகளும் சேர்ந்த காரணமா என்று அறிஞர்கள் நீண்டகாலம் விவாதித்தார்கள். மருந்துக்குப் பெரும் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் நுளம்பை மட்டும் கொன்று ஒரு நாட்டின் சாவை இறக்க முடியாது என்பதும் அந்த விவாதத்தில் தெளிவானது.

பள்ளிக்கூடம் என்ற தடுப்பூசி

அஸீஸ் கல்முனையில் இருந்தது 1944 வரை, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம். நெல் வேலைக்கு வந்தவர், அந்தக் கரையோரத்தில் வேறொரு வறுமையைக் கண்டார். உழைப்பாளிகளும் உண்டு, விளையும் மண்ணும் உண்டு. ஆங்கிலம் படித்து உத்தியோகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போன முஸ்லிம் பிள்ளைகள் மிகச் சிலரே. படிக்க ஆசைப்பட்ட பிள்ளைக்குப் பணமில்லை. பணமிருந்த வீட்டில் பல வேளை ஆசையில்லை. பெண்பிள்ளைகளின் நிலை அதனினும் பின்தங்கியது.

1942 இலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்க அவர் முன்னின்றார். ஏழைப் பிள்ளையின் படிப்பு காசில்லாமல் நின்றுவிடக் கூடாது என்ற எளிய எண்ணம்தான் அதன் அடிப்படை. கல்முனையில் முளைத்த அந்த யோசனை, 1945 இல் நாடு தழுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது. அதே ஆண்டில் இலவசக் கல்வியும் வந்தது. கட்டணம் இல்லை என்றான பிறகும் புத்தகம், உடுப்பு, விடுதிச் செலவு என்று ஏழை வீட்டைத் தடுத்து நிறுத்தும் செலவுகள் இருந்தன. சகாய நிதி அந்த இடைவெளியில் நின்றது.

இதை ஏன் சுகாதாரக் கதையாகச் சொல்ல வேண்டும்? 1946 இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 140 பேர் ஒரு வயதைக் காணவில்லை. ஆயிரம் பிரசவத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இவ்வளவு சாவைச் சுமந்த நாடு, சில பத்தாண்டுகளில் பணக்கார நாடாகாமலேயே அந்த எண்களை வேகமாக இறக்கியது. 1985 இல் ரொக்பெல்லர் நிறுவனம் குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் பெற்ற இடங்களாகக் கேரளம், சீனா, கொஸ்தாரிக்கா ஆகியவற்றோடு இலங்கையையும் ஆராய்ந்தது. ஜோன் கோல்ட்வெல் என்ற குடித்தொகை அறிஞர் அந்த அனுபவங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, திரும்பத் திரும்ப வந்த காரணங்களில் முன்னுக்கு நின்றது பெண்களின் கல்வி.

அது வேலை செய்யும் விதம் எளியது. நாலெழுத்துப் படித்த தாய், பிள்ளையின் வயிற்றோட்டம் எப்போது ஆபத்தாகிறது என்பதைச் சீக்கிரம் உணர்கிறாள். குடும்பநல மாது எழுதிக் கொடுத்த அட்டையை வாசிக்கிறாள். டொக்டரிடம் தயங்காமல் கேள்வி கேட்கிறாள். சொன்ன நாளில் திரும்பப் போகிறாள். வீட்டில் அவளுடைய சொல்லுக்கு மதிப்புக் கூடுகிறது. கலியாண வயது தள்ளிப்போகிறது. பிரசவங்களுக்கு இடையே இடைவெளி வருகிறது. கிழக்குக் கரையோரத்தில் இன்னொரு வலுவும் இருந்தது. தாய்வழிக் குடி மரபில் வீடு மகளுக்குப் போகிறது. கலியாணமான பிறகும் பெண் தாய்வீட்டை அண்டியே வாழ்கிறாள். பிரசவ காலத்தில் தாயும் சகோதரிகளும் பக்கத்தில். அந்தக் கூரையின் கீழ் எழுத்தும் வந்து சேர்ந்தபோது மாற்றம் இரட்டிப்பானது. பெண் கல்வியை அஸீஸ் வற்புறுத்தியது சமூக முன்னேற்றத்துக்காக. அதன் பலன்களில் ஒரு பகுதி, புதைக்கப்படாமல் வளர்ந்த பிள்ளைகள்.

சுவாமியின் பக்கத்து ஊரில்

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருதைக் கடந்தால் காரைதீவு. சுவாமி விபுலானந்தரின் ஊர். அஸீஸுக்கும் விபுலானந்தருக்கும் இடையே நல்ல நட்பு இருந்தது. ஒருவர் காவி உடுத்த துறவி, மற்றவர் அரசாங்க அதிகாரி. இருவரையும் சேர்த்தவை தமிழும், ஏழைப் பிள்ளைகளின் படிப்பும். கிழக்கில் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் வேலியைப் பங்கிட்டுக்கொண்டு மாறி மாறி வருகின்றன. நீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோர வீதி ஓடுகிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல். இந்த ஒடுங்கிய மண்ணில் நோய் ஒரு ஊரோடு நிற்பதில்லை.

1948 இல் அஸீஸ் சிவில் சேவையை விட்டு விலகி, ரி.பி. ஜாயாவுக்குப் பின் ஸாஹிராவின் அதிபரானார். உயர்ந்த உத்தியோகத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனதை அன்று பலர் விளங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். 1961 வரை அவர் அங்கு இருந்தார். வடக்கு, கிழக்குத் தமிழ் மாணவர்களுக்கும் அந்தக் கல்லூரி இடம் கொடுத்தது. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அங்கு படித்தவர்.

1952 இல் செனட்டராக நியமனம் பெற்றார். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அதை எதிர்த்து, ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு வெளியேறினார். மொழியை நாம் அரசியல் உரிமையாகவே பேசிப் பழகியிருக்கிறோம். அது சுகாதாரக் காரணியும்தான். வயிற்றில் எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை ஒருவர் தன் மொழியில் சொல்ல முடியாத வைத்தியசாலையில், டொக்டர் எவ்வளவு நல்லவரானாலும் பாதி நோயையே கேட்கிறார். மாற்றப்பட்டு உள்நாட்டு வைத்தியசாலைக்குப் போகும் கரையோரத்துக் கிழவிக்கு இது இன்றும் விளங்கும்.

அவர் காணாத கல்முனை

1973 நவம்பர் 24 ஆம் திகதி அஸீஸ் காலமானார். யுத்தத்தை அவர் காணவில்லை. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தன்னுடைய முதலாவது பட்டமளிப்பில், மறைந்த அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கிக் கௌரவித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அஸீஸ் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துத் தெருக்கள் சில மணி நேரத்தில் வெறுமையாயின. அதே ஆண்டில் கிழக்கில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கல்முனைப் பகுதியில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், காணாமலாக்கப்பட்டார்கள். பக்கத்து ஊருக்குள் போக அஞ்சிய ஆண்டுகள் தொடங்கின. வயலுக்குப் போக முடியாதவர்களின் வயல் பற்றையானது. அடுத்த ஊர் வைத்தியசாலைக்குப் போகப் பயந்தவர்களின் நோய் முற்றியது.

அந்தப் பயத்தின் தடம் இன்றும் கல்முனை நகரில் கட்டடமாக நிற்கிறது. ஒரே நகரம். நடந்து போகக்கூடிய தூரத்தில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள். ஒன்று கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, மற்றது அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. இரண்டிலும் இரு சமூகத்தவரும் சிகிச்சை பெறுகிறார்கள், இரண்டிலும் அர்ப்பணிப்போடு உழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மக்கள் பேச்சில் ஒன்று தமிழர் ஆஸ்பத்திரி, மற்றது முஸ்லிம் ஆஸ்பத்திரி. யுத்த காலத்தில் இந்த இரட்டிப்புக்குக் காரணம் இருந்தது. போக அஞ்சியவர்களுக்கு அது உயிர் காத்தது. இன்று விசேட வைத்திய நிபுணரும் இயந்திரமும் எந்த ஆஸ்பத்திரிக்கு என்ற கேள்வி எழும்போது, அதைச் சுகாதாரக் கேள்வியாக அணுகுவது கடினமாகிவிட்டது. கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தில் நடப்பதும் இதுதான். எல்லைக்கோடு எங்கே என்ற சண்டையில், கோட்டுக்குள் வாழும் மனிதரின் உடம்பு கணக்கில் வருவதில்லை.

2004 சுனாமி இதை இன்னும் கொடுமையாகச் சொன்னது. நாட்டிலேயே அதிக உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேலாக, அம்பாறை மாவட்டம் இழந்தது. பின்னர் அம்பாறையின் முகாம்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, ஆண்களைவிடப் பெண்கள் ஏறத்தாழ இரு மடங்கு வீதத்தில் இறந்ததையும், சிறு பிள்ளைகளின் இறப்பு எல்லாவற்றிலும் கூடியதாக இருந்ததையும் காட்டியது. அலை வந்தபோது வீட்டுக்குள் இருந்தவர்களும், மீன்பிடிக் குடும்பத்தவர்களும் கூடுதலாக மாண்டார்கள். கடல் எல்லோருக்கும் ஒரே உயரத்தில்தான் எழுந்தது. யார் கரையோரத்தில் குடியிருந்தார், யார் வீட்டுக்குள் இருந்தார், யாருடைய வீடு உறுதியற்றது என்பதைச் சமூகம் முன்னரே தீர்மானித்து வைத்திருந்தது. பிறகு வீடிழந்தவர்களுக்காக அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியில் 500 வீடுகளும் வைத்தியசாலையும் பாடசாலையும் கட்டப்பட்டன. அவற்றை எந்த இனத்தவருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற வழக்கில் அவை ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு, மைக்கல் மார்மட் தலைமையில் 2008 இல் வெளியிட்ட அறிக்கை, மனிதர் பிறந்து, வளர்ந்து, வேலை செய்து, முதுமையடையும் சூழ்நிலைகளே அவர்களுடைய ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கின்றன என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னது. கல்முனைக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்க நியாயமில்லை.

மறுபடியும் நெல்

2021 இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே இரவில் தடைசெய்தது. மாதங்கள் கழித்துத் தடை நீங்கியபோது போகம் கெட்டுவிட்டது. நாட்டின் நெற்களஞ்சியங்களில் ஒன்றான அம்பாறையின் வயல்கள் விளைச்சலை இழந்தன. அடுத்த ஆண்டு டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, மருந்தும் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 95 வீதத்தைத் தொட்டது. கரையோர ஊர்களில் சாப்பாட்டு வேளைகள் குறைந்தன. தாய்மார் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போனார்கள். பிள்ளைகள் பாட்டிமாரோடு நின்றார்கள். 1942 இல் கப்பல் நின்றதால் வந்த நெருக்கடி, எண்பது ஆண்டுகள் கழித்துக் கொள்கையாலும் கடனாலும் வந்தது. அன்று அரசாங்கம் கல்முனைக்கு ஒரு கச்சேரியையும் ஓர் அதிகாரியையும் அனுப்பியது. இம்முறை மக்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய காசையே நம்பினார்கள்.

அஸீஸின் வாழ்க்கையைப் புகழ்ந்து முடித்துவிடுவது இலகு. ஆண்டுதோறும் நினைவுப் பேருரைகள் நடக்கின்றன, முத்திரையும் வெளிவந்தது. அவர் கல்முனையில் செய்ததிலிருந்து இன்றைய நிர்வாகிகளும் அரசியல்வாதிகளும் எடுத்துக்கொள்ள வேண்டியவை அதைவிடக் கடினமானவை. சுகாதாரத்துக்கென்று ஒதுக்கிய அமைச்சோடு சுகாதாரம் முடிவதில்லை. காணிக் கச்சேரியும் கல்வி வலயமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் அதில் பங்காளிகள். கரையோரத்துக்கென்று தனியான கல்முனைப் பிராந்திய சுகாதாரப் பணிமனை ஏற்கெனவே இருக்கிறது. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கும் சில அலுவலகங்களில் அது ஒன்று. இரண்டு ஆதார வைத்தியசாலைகளும் போட்டியை விட்டு, ஒரு நகரத்தின் இரண்டு கைகளாகச் சேவைகளைப் பிரித்துக்கொள்ள அங்கிருந்தே தொடங்கலாம். அதற்குப் புதிய எல்லைக்கோடு எதுவும் தேவையில்லை. பக்கத்து ஊருக்குப் போக அஞ்ச வேண்டியதில்லை என்ற உறுதியை இரு பக்கத்துத் தலைவர்களும் தம் மக்களுக்குக் கொடுத்தாலே போதும்.

வைத்தீஸ்வராவில் படித்த முஸ்லிம் பிள்ளையாக, காரைதீவுத் துறவியின் நண்பராக, அஸீஸ் அந்த உறுதியோடு வாழ்ந்தவர். அவர் காடு திறந்து கொடுத்த மண்ணில் நெல் இன்னும் விளைகிறது. கல்விச் சகாய நிதி இன்னும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்கிறது. அந்த ஊர்களின் பிள்ளைகள் இன்று டொக்டர்களாக இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் வேலை செய்கிறார்கள். அந்த இரண்டு வாசல்களில் எதற்குள் நுழைந்தாலும் ஒரே கவனம் கிடைக்கும் என்று மருதமுனைத் தாயும் பாண்டிருப்புத் தாயும் நம்பும் நாள்வரை, 1942 இல் தொடங்கிய அந்த வேலை பாதியில்தான் நிற்கிறது.